டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

என் மனைவி ஒரு வருடமாக என் காரில் ஏறவில்லை. வங்காளத்தில், பெஹாலாவில் எங்கள் வீட்டு வாசலிலேயே அது நிற்கும். அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய் ஆட்டோ பிடிப்பாள்.

நாற்பது வயதுக் கார். ஆசைப்பட்டு வாங்கி, ஞாயிறு ஞாயிறாக ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டிருந்தேன். போன வருடம் அவளோடு மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக் மிதி தரைவரைக்கும் போய்விட்டது. முன்னால் மினிபஸ். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எப்படியோ ஓரங்கட்டினேன். அவள் அலறினாள். "ஒண்ணும் ஆகலை, ஊரைக் கூட்டாதே!" என்று அதற்கு மேல் நான் கத்தினேன். அவள் இறங்கி நடந்துவிட்டாள்.

காரைச் சரிசெய்தால் தானாக ஏறுவாள் என்று நினைத்தேன். ஹவுராவில் ஒரு பட்டறை. அங்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள். அவர் என்னைவிட இளையவர், என்னைவிடப் பொறுமைசாலி. என்னை அண்ணனாக்கி 'தாதா' என்றே கூப்பிடுவார். முன்சக்கரங்களின் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, வேறொரு காரின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினோம். அதைத் தாங்கும் இரும்புத் தகடு பொருந்தாமல், பக்கத்து லேத்தில் மூன்று தடவை கடைய வேண்டியிருந்தது. பின்னால் தொய்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளும் நாலு ஷாக் அப்சார்பரும் புதுசாயின. துறைமுக ஆபீசில் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

விஸ்வகர்மா பூஜையன்று வேலை கிடையாது. வைஸ், ஜாக்கி, வெல்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் கடுகெண்ணெயில் குழைத்த சிந்தூரம் வைத்தார்கள். நம்மூர் ஆயுத பூஜைக்கு மிக்ஸி, சைக்கிள், அரிவாள்மணை என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கார் சக்கரமில்லாமல் ஸ்டாண்டில் நின்றது. மிஸ்திரி பிரசாதம் வாங்கப் போன நேரம், கிண்ணத்தை எடுத்து, பளபளத்த வலது டிஸ்க்கில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். அவர் பார்த்தால் சிரிப்பாரே என்று உள்பக்கமாக வைத்தேன். அதற்குள் புரோகிதர் கூப்பிட்டார். இடது பக்கத்தை விட்டுவிட்டேன். அப்புறம் மறந்தும் போனேன்.

இரண்டு நாள் கழித்து ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் கார் இடது பக்கமாக இழுத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இதுதான் உங்க வேலையா? இதிலயா என் பெண்டாட்டியை உட்கார வைப்பேன்?" என்று பட்டறையே திரும்பிப் பார்க்க வங்காள மொழியில் கத்தினேன்.

மிஸ்திரி வலது சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடை உருவி, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். விரல் சிவப்பாக இருந்தது. "கடுகெண்ணெய். வலது பக்கம் வழுக்குது, அதான் இடது பக்கம் இழுக்குது. மெஷினுக்கு வைப்போம் தாதா. பிரேக்குக்கு யாராவது வைப்பாங்களா?"

"நான்தான் வெச்சேன்" என்று ஒப்புக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். எண்ணெய் குடித்த பேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டு பக்கமும் புதுசு போட்டுக்கொடுத்தார்.

வீட்டில் வாயே திறந்திருக்க மாட்டேன். பட்டறையில் சட்டைக் கையில் ஒட்டிய சிந்தூரத்தை மனைவி பார்த்துவிட்டாள். "கையில என்னங்க சிவப்பு?"

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் தடவினதும் நான், அந்த மனுஷன்மேல் எரிந்து விழுந்ததும் நான் என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள்.

"அன்னிக்குப் பாலத்துல, பிரேக் போச்சுன்னு சொல்லியிருந்தா நானும் சேர்ந்து கைப்பிரேக்கை இழுத்திருப்பேன். ஒண்ணும் ஆகலைன்னு என்னையே அதட்டினீங்க பாருங்க, அதுக்குத்தான் இறங்கினேன். காருக்குப் பயந்து இல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாக எதையெதையோ கழற்றி மாட்டியிருக்கிறேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "பவானிபூர் வரைக்கும் போயிட்டு வரலாம். பிரேக் இப்ப எப்படி இருக்கு? நிஜத்தைச் சொல்லுங்க."

"புது பேடு. இன்னும் முழுசாப் பிடிக்காது. மெதுவாத்தான் போகணும்" என்றேன்.

ஏறி உட்கார்ந்தாள்.