பத்து லிட்டர் கேனும் அக்காவின் கொலுசும்

கடலில் மூழ்கப் போகிறவர்கள் சிலிண்டரோடு சேர்த்து முதுகில் ஒரு காற்றுப் பையையும் கட்டிக்கொள்வார்கள். விங் என்று பெயர். காற்றை நிரப்பினால் மேலே தூக்கும். வெளியேற்றினால் இறங்க விடும். போன வாரம் ஒரகடத்தில், ஷிப்ட் முடிந்து கேண்டீன் மேஜையில் போனை வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே சின்ன விங்காகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

"இன்னாக்கா, உசுரு மேட்டரு, பெருசா வாங்கக் கூடாதா?" என்றாள் என் லைனில் வேலை செய்யும் பெண்.

வெதுவெதுப்பான கடல், ஒற்றை சிலிண்டர், மெல்லிய உடை. என்னை இவ்வளவு தூக்கினால் போதும், பெரிய பை ஆளைப் புரட்டும் என்றேன். அவள் நம்பவில்லை. பத்து வயதில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வயல் கிணறு. அக்காவின் கொலுசைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டினேன். ஒன்று கழன்று போய்விட்டது. கோடைத் தண்ணீர், இரண்டாள் ஆழம். அடியில் அது மின்னுவதுகூடத் தெரிந்தது. சாயங்காலம் குன்றத்தூரில் கல்யாணம். அக்கா மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் அது அவள் பெட்டிக்குப் போயாக வேண்டும்.

முதுகில் ஐந்து லிட்டர் காலி கேன் கட்டினால்தான் எனக்கு நீச்சல். ஆழத்துக்குப் போகிறோமே, பத்திரமாக இருக்கட்டும் என்று பத்து லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டேன். கேன் என்னை உள்ளேயே விடவில்லை, மேலேயே வைத்துத் தாலாட்டியது. வீட்டுக்கு ஓடி அம்மிக்குழவியைத் தூக்கிவந்து வயிற்றோடு கட்டினேன். இப்போது முதுகைக் கேன் மேலே இழுக்க, வயிற்றைக் குழவி கீழே இழுக்க, நான் குப்புறத் தொங்கினேன். வெயிலெல்லாம் முதுகுக்கு, முகத்துக்கு வெறும் பச்சை, குமிழி, பச்சை.

யாரோ குதித்தார்கள். என்னைப் புரட்டிப் படியில் கிடத்திய பிறகுதான் தெரிந்தது, சித்தி. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம். சட்னி அரைக்கக் குழவியைத் தேடி வந்திருக்கிறாள். கிணறென்றாலே அவளுக்குப் பயம் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தோம். அவளும் மறுத்ததில்லை.

"இன்னாடி, கொழவிக்கு நீச்சல் கத்துக் குடுக்கிறியா?"

இருமிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். கயிறுகளை அவிழ்த்துப் போட்டாள். புடவையை வாரிச் செருகினாள்.

"சித்தி, கேன் வாணாமா?"

"அத்தக் கட்டிகினு எப்படிடி கீழ போறது? வூட்ல மூச்சு வுடாத."

சத்தமே இல்லாமல் இறங்கினாள். தண்ணீர் அவளுக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது. மேலே வந்தபோது கொலுசு அவள் இடுப்பில் செருகியிருந்ததை நான் தெளிவாகப் பார்த்தேன்.

"இன்னும் ஆப்புடல" என்று சொல்லிவிட்டு மறுபடி மூழ்கினாள். மறுபடியும். ஐந்தாவது தடவை மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல மேலே வந்தாள்.

அக்கா எழுவதற்குள் கொலுசு பெட்டிக்குப் போய்விட்டது. எனக்குத்தான் கல்யாணப் பந்தியில் சோறு இறங்கவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கிணறெல்லாம் தேடுகிறாளே, இவ்வளவு மறதிக்காரியோடு சித்தப்பா காலம் முழுக்க எப்படிக் குடித்தனம் நடத்தப் போகிறார் என்று கவலையாக இருந்தது.