பதினேழு நிமிடமும் ஒரு படுக்கை விரிப்பும்

இங்கிலாந்தில் டான்காஸ்டர் ரயில் அலுவலகத்தில் பெரிலும் நார்மனும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அப்படியே காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டவர்கள். தொண்ணூறுகளில் அரசு ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்தபோது பெரில் தண்டவாளக் கம்பெனிக்குப் போனாள், நார்மன் வண்டி ஓட்டும் கம்பெனிக்குப் போனான். இருவருக்கும் ஒரே வேலைதான். வண்டி தாமதமானால் பழியை அடுத்த கம்பெனி தலையில் கட்ட வேண்டும்.

நான் பெரிலுக்குப் பக்கத்து மேசை. பகலெல்லாம் போனில் புருஷனோடு மல்லுக்கு நிற்பாள். சாயங்காலம் அவனோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவாள்.

ஒரு மார்ச் மாதம், நல்ல காற்று. லண்டன் வண்டி பதினேழு நிமிடம் நின்றுவிட்டது. நார்மன் குதூகலமாகக் கூப்பிட்டான்.

"தண்டவாளத்துக்கு மேல போற கரண்ட் கம்பியில துணி சிக்கிருக்கு. கம்பி உங்களோடது, எழுதிக்கோ."

"என்ன துணி?"

"படுக்கை விரிப்பாம். மஞ்சள்ல ரோஜாப்பூ."

பெரிலின் பேனா நின்றது. "ஓரத்துல டீக் கறை இருக்கான்னு பாரு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இருக்குன்னு டிரைவர் எழுதிருக்கான். உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னைக்குக் காலையில துணி காயப்போட்டது யாரு, நார்மன்?"

அவர்கள் வீட்டுத் தோட்டம் தண்டவாளத்தை ஒட்டியது.

"கிளிப் போட்டியா?"

"ஒண்ணு போட்டேன்."

"ஒண்ணா!"

"வெளியாள் பண்ணின தப்புன்னாலும் தண்டவாளக் கம்பெனி கணக்குதான். விதியில அப்படித்தானே இருக்கு?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

இருந்தது. புருஷன் செய்த கூத்துக்குப் பதினேழு நிமிடத்தையும் பெரில் தன் கம்பெனி பேரில் எழுதிக்கொண்டாள். முகம் சிவந்து போயிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "வேலியோரத்து வீட்டுக்காரங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவோமே, அந்தத் தாள் எங்க?" என்றாள்.

மூன்றாம் நாள் காலை டோஸ்ட் தின்றுகொண்டிருந்த நார்மன் கைக்கு அது வந்தது. 'அன்புடையீர், தங்கள் கவனக்குறைவால்' என்று தொடங்கி, கீழே அவன் மனைவியின் கையெழுத்து.

"தபால்தலை வேற ஒட்டிருக்க. கையில குடுத்திருக்கலாமே?"

"வேற கம்பெனிக்காரங்கிட்ட எதையும் கையில குடுக்கக்கூடாது."

அவனும் சளைக்கவில்லை. விரிப்பைத் திருப்பித் தரக் கோரி எங்கள் அலுவலகத்துக்கு முறைப்படி மனு எழுதினான். அடையாளம்: டீக் கறை. கறைக்குப் பொறுப்பு: மனைவி.

பெரில் அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். சிரிப்பில் பாதி வரியை விழுங்கிவிட்டாள். மனுவை நிராகரித்து, 'கறை குறித்த குற்றச்சாட்டை ஏற்பதற்கில்லை' என்று தட்டச்சு செய்து, அதையும் தபாலில்தான் அனுப்பினாள்.