பைக் வேற, வேன் வேற

பைக்கில் போகும்போது போலீஸ் பிடித்தால் அது பைக்கோடு போகும், வேனைத் தொடாது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். பள்ளி வேன் ஓட்டுவது என் கணவரின் பிழைப்பு. இருசக்கர வண்டி, அவர் சட்டை போட்டுக்கொள்வதைப் போல, அவருடைய சொந்த விஷயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாக மாமியார் நினைத்தார், என் தம்பி நினைத்தான். ஆழ்வார்பேட்டையில் ஒரு வாடகை நூலகத்தில் வேலை பார்த்து, புத்தகங்களுக்கு நடுவே பகலைக் கழிக்கும் நானும் அப்படியே நினைத்தேன்.

மாமியாரின் தம்பி இறந்த ஞாயிற்றுக்கிழமை அது. பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு சாவு விழுந்தால் ஆண்கள் குடிப்பார்கள். மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போவது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. குடிக்காமல் ஆட யாருக்கும் கால் வராது. வேலை நாட்களில் என் கணவர் அந்தப் பக்கமே போக மாட்டார். அன்று, தம்மைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமனுக்காகக் குடித்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த பிறகு, மறுநாள் பால் ஊற்றுவதற்கான சாமான்களை வாங்க மாட வீதிக்குக் கிளம்பினார். அழுத முகங்களுக்கு நடுவே அவர் பைக் சாவியை எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

மந்தைவெளியில் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள்.

"ஊதச் சொன்னாங்க," என்றார் தொலைபேசியில். பிறகு, வேறு எதுவும் சொல்லத் தெரியாதவர்போல, "ஊதிட்டேன்," என்றார்.

குடிக்காத ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும் என்றார்கள். என் தம்பி போனான். வண்டியை அவர்களே வைத்துக்கொண்டார்கள்; நீதிமன்றத்துக்கு வரச் சொல்வோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மாமியார் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பறிகொடுத்த துக்கமும் இந்தப் புதிய அவமானமும் சேர்ந்து அவரைக் கோபக்காரராக்கியிருந்தன.

"சாவுக்குக் குடிச்சதுக்குக் கேஸா? அந்த ஜட்ஜய்யா வூட்ல சாவே வுழாதா?"

"அத்த, நீ இன்னாத்துக்கு டென்சன் ஆவுற?" என்றான் என் தம்பி. "கூப்டுவாங்க. ஆமா சாமின்னு சொல்லணும், ஃபைன கட்டணும், வந்துக்கினே இருக்கணும். பைக் வேற, வேன் வேற. இன்னா மாமா, நான் சொல்றது கரீட்டா?"

என் கணவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸ் கார்டு ஒண்ணுதான்டா," என்றார் கடைசியில். "பைக்கும் அதுலதான் கீது, வேனும் அதுலதான் கீது. அத வாங்கி வச்சிக்கினாங்க."

இத்தனை வருடம் அவர் பையில் இருந்த அட்டையை நாங்கள் ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை. என் தம்பி மட்டும், "பாத்துக்கலாம் மாமா," என்றான், முன்பைவிடச் சன்னமாக.

சாவு வீட்டு விடுப்பு என்று பள்ளியில் சொல்லிவிட்டு அவர் வீட்டிலேயே இருந்தார். விடுப்பு முடிவதற்குள் அந்த அட்டை திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் வேன் இல்லை, வேன் இல்லாவிட்டால் அவருக்குத் தம்மை யாரென்று சொல்லிக்கொள்ளவே தெரியாது. விடியற்காலையில் எழுந்து குளித்து, போவதற்கு இடமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பார். வேன் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பல் விழுந்த செய்தியை அவளுடைய அம்மா தொலைபேசியில் சொன்னபோது, அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீதிமன்ற வாசலில் ஒருவர் எங்களை வழிமறித்தார். "டிரங்க் அண்ட் டிரைவா? ஆள் நிக்கவே வேணாம் சார், நான் முடிச்சுத் தர்றேன். லைசென்ஸ் கைக்கு வந்துரும்." என் தம்பி அவர் பின்னால் போகத் தயாராக இருந்தான். எதைச் செய்து முடிப்பீர்கள் என்று நான் கேட்டேன். அவர் என்னைவிட்டு என் தம்பியிடமே மறுபடியும் அதையே சொன்னார். வக்கீல் என்று தம்மை ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவரை விட்டுவிட்டு உள்ளே போனோம். வளாகத்துக்குள் இலவச சட்ட உதவி மையம் இருந்தது. எங்கள் வருமானத்துக்கு அங்கே வக்கீல் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தவர் இளம்பெண், எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"முதல் தடவைதானே அண்ணா? சட்டத்துல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. முதல் தடவைக்குப் பெரும்பாலும் அபராதத்தோட விடுவாங்க. ஆனா லைசென்ஸ் தனிக் கதை. கோர்ட்டும் தடை போடலாம், ஆர்டிஓவும் நிறுத்தி வைக்கலாம்."

"அப்போ நானு ஆமான்னு சொல்லக் கூடாதா?"

"ஆமான்னு சொன்னா ஃபைன் கட்டுனதா மட்டும் இருக்காது. தண்டனை ஆனதாப் பதிவாகும். வேணாம்னா மறுத்து வழக்கு நடத்தலாம். மெஷின் சரியா இருந்துச்சான்னு கேக்கலாம். ஆனா உங்க அளவு ரொம்ப அதிகம். எத்தனை வாய்தா அலையணுமோ தெரியாது, அதுவரைக்கும் இது தலைமேலயே தொங்கும்."

"இருமல் மருந்து குடிச்சாருன்னு சொன்னா?" என்றான் என் தம்பி.

"அதைத் தினமும் கேட்டுக் கேட்டு ஜட்ஜுங்களுக்கே இருமல் வந்திருச்சு, தம்பி." அவர் சிரித்ததில் நாங்களும் கொஞ்சம் சிரித்தோம். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான்.

என் கணவர் ஒப்புக்கொள்வதென்று முடிவு செய்தார். குடித்ததைக் குடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வராது. வக்கீல் அவரிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "கேட்டா ஆமாங்கய்யா. அவ்வளவுதான். முதல் தடவை, யாருக்கும் அடி படலை, வீட்ல சாவு, இதெல்லாம் நான் சொல்றேன். லைசென்ஸ் விஷயத்தையும் நான் பாத்துக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க அண்ணா."

நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் அதிகாரியின் முன் நிற்கிறவர், தம்மைப் பற்றிப் பேசமாட்டார். தம்மை நம்பி இருப்பவர்களைப் பற்றிப் பேசுவார். ரேஷன் கடையானாலும் காவல் நிலையமானாலும் கேட்பதற்கு எங்களுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். வயதான அம்மா, படிக்கிற பெண் என்று வரிசையாகச் சொல்லி நிறுத்தினால், எதிரில் இருப்பவர் கொஞ்சம் இளகுவார். அப்படிக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் என் கணவர்.

பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். "ஆமாங்கய்யா," என்றார். வக்கீல் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நீதிபதி எழுதத் தொடங்கினார். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஐயா," என்றார் என் கணவர். கைகளைக் கூப்பியிருந்தார். "லைசென்ஸ மட்டும் வுட்டுருங்கய்யா. என்ன நம்பிப் புள்ளைங்க கீதுங்க."

"எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுங்கய்யா. நான் சொல்றது வேன் புள்ளைங்க. ஸ்கூல் வேன் ஓட்றேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "குழந்தைகளை ஏத்திட்டுப் போறவரா நீங்க?" கடுமையாகக் கேட்கவில்லை. ஒரு தகப்பன் கேட்பதுபோலக் கேட்டார். "போதும்ணா," என்று வக்கீல் தாழ்ந்த குரலில் சொன்னார். ஆனால் என் கணவர், நீதிபதி இளகிவிட்டார் என்று நினைத்து, "ஆமாங்கய்யா, சின்னச் சின்னப் புள்ளைங்க," என்றார்.

அபராதத்தோடு ஆறு மாதம் உரிமம் முடக்கப்பட்டது. வெளியே வந்தபின், மேல்முறையீடு செய்யலாம், குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் தண்டனையைக் குறைக்க மட்டும் கேட்கலாம் என்றார் வக்கீல். என் கணவர் அவரைக் கும்பிட்டார். "இன்னொரு வாட்டி அங்க நிக்க என்னால ஆவாதும்மா."

பள்ளி வேறொருவரை வைத்துக்கொண்டது. அதில் தவறு சொல்ல எனக்கு வாயில்லை. குடித்து ஓட்டிப் பிடிபட்டவரின் வேனில் என் மகளை நானும் அனுப்பமாட்டேன். ஆறு மாதம் கழித்து அட்டை வந்தது. ஏறி இறங்கிய பள்ளிகளில் எல்லாம் முதல் கேள்வியே முன்பு வழக்கு உண்டா என்பதாக இருந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு அப்போதும் வரவில்லை. வேலை நாட்களில் குடியைத் தொடாதவர், தொடத் தொடங்கினார். "நைனா, ஒரு வாய் சோறாவது துன்னுடா," என்று மாமியார் தட்டோடு பின்னால் நடப்பார்.

ஓசூர் பக்கம் லாரியில் லோடு ஏற்றும் வேலை என்று ஒருநாள் கிளம்பிப் போனார். முதலில் தொலைபேசியில் பேசினார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. என் தம்பி இரண்டு முறை தேடிப் போய்விட்டுத் தனியாக வந்தான்; அங்கே என்ன பார்த்தான் என்று நான் கேட்கவில்லை.

மாமியார் என்னோடு இருக்கிறார். மகள் இருக்கிறாள்.