சாரதா குறித்து வைத்த செடிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். என்னை அழைத்துப்போகச் சாரதா வந்திருக்க வேண்டும். அவள் கணவர் முத்தையா நின்றிருந்தார்.

சாரதா சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியை. நான் கோயம்புத்தூரில் சிலந்திப்பேன்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். எட்டுக் கால், ஊசிமுனை அளவு உடம்பு. இலைக்கடியில் குடும்பம் குடும்பமாக வாழ்பவை. சிங்கப்பூரின் காட்டுச் செடிகளிலும் வீட்டுச் செடிகளிலும் எந்தெந்த வகை இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடுவதாகத் திட்டம். அதற்கான அனுமதிக் கடிதம்கூடச் சாரதா வாங்கி வைத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் கணையப் புற்றுநோயில் போய்விட்டாள். நோய் தெரிந்தபின் ஐந்தே வாரம்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணாதீங்க மேடம்" என்று முத்தையாதான் போனில் சொன்னார். "எந்தெந்தச் செடின்னு லிஸ்ட் எழுதி வெச்சிருக்கா. நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்." அவர் பேருந்து ஓட்டுநர்.

புதன், காலை எட்டு மணி. அவர்கள் வீடிருந்த உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஜூரோங். ஒரு தொழிற்சாலையின் பின்புறக் கால்வாய் ஓரம் ஆமணக்கு மண்டிக் கிடந்தது. இலையைத் திருப்பிக் கைலென்ஸை நீட்டினேன். செம்புள்ளிகள் நூலாம்படைக்குள் ஊர்ந்தன. முத்தையா வெகுநேரம் பார்த்தார்.

"இதப் பாக்கத்தான் சண்டே சண்டே கெளம்பிப் போனாளா? ஒரு நாள்கூட நான் கூட வரலையே."

வியாழன், காலை பத்து மணி. லிட்டில் இந்தியாவில் வெற்றிலையும் கறிவேப்பிலையும் வாங்கிச் சோதித்தோம். பூக்கடைப் பெண் முழம் இரண்டு டாலருக்கு மல்லிகை அளந்தபடி, "அக்கா வரலையாண்ணே?" என்று கேட்டாள்.

"வரல லா" என்றார் சிங்கப்பூர்ப் பேச்சில். பூவை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

அன்று மாலைதான் அவர்கள் வீட்டுப் பத்தாவது மாடி வராந்தாவில், துணி காயும் கம்பிக்குப் பின்னாலிருந்த தொட்டியைக் காட்டினார். சாரதா வைத்த மல்லிகை. இலை, தண்டு, மொட்டு எங்கும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் மூடிக்கிடந்தது. அதுவும் சிலந்திப்பேன் வேலைதான். லென்ஸுக்குக்கூடச் சரியாகச் சிக்காத வகை.

"தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேனா மேடம்?"

"இல்லண்ணே. இது காத்துல வர்றது. கண்ணுக்குத் தெரியறப்போ உள்ள வந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். தினம் பாக்கறவங்களுக்கும் தெரியாது."

அவர் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "அவளுக்கும் அப்படித்தான். பக்கத்துலயே படுத்திருந்தேன். சாப்பாடு கொறஞ்சப்ப டயட்னு கேலி பண்ணேன்."

 வெள்ளை படிந்த கிளைகளை அடிக்கு அருகே வெட்டினால் துளிர்க்கலாம் என்றேன். கத்தரிக்கோல் கொண்டுவந்து அவரே வெட்டினார். ஒவ்வொரு கிளைக்கும் என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் விரல் நீளத்துக்கு மூன்று குச்சிகள் மிஞ்சின.

வெள்ளி மதியம் சிலந்திப்பேன்கள் சேகரித்த நாற்பத்தொரு குப்பிகளுடன் விமானம் ஏறினேன். சாரதாவின் பட்டியலில் ஒரு செடிகூட மீதமில்லை. நினைத்த வேலை முடிந்ததே என்று மனம் ஆறவில்லை.

எங்கள் வீட்டு மல்லிகையிலும் இந்த வெள்ளை வரும். வெட்டிவிடுவோம்; பத்தே நாளில் துளிர்க்கும், மறந்துவிடுவோம். ஆறு வாரம் கழித்து முத்தையா ஒரு படம் அனுப்பினார். அதே மூன்று குச்சிகள், காய்ந்து கறுத்திருந்தன. கீழே எழுதியிருந்தார்: "துளிர்க்கல மேடம். தொட்டிய எடுத்துடவா?"

செத்த செடி என்று பார்த்ததுமே தெரிந்தது. "இருக்கட்டும்ணே" என்று எழுதினேன்.