சோபாவில் படுப்பார்கள்

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, பேசுவதற்காகவே கடல் கடந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம், பேச வேண்டாம் என்று நான் சொன்னேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகவே சொன்னேன். அன்பாகச் சொன்னேன்... அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அவர் பெயர் மரி-லூஸ். பிரெஞ்சுக் கயானாவின் பூர்வகுடிப் பெண். ஆற்றின் மேற்பகுதியில் அவருடைய மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் இருந்தது. பள்ளிக்கும் வேலைக்கும் மருத்துவத்துக்குமாக அந்நிலத்தை விட்டுப் பல குடும்பங்கள் கடற்கரை நகரத்துக்கு வந்து, அதன் விளிம்பில் தகரத்தின் கீழ் வாழ்ந்தன. அவர்களுக்கு வீடு கட்டும் பொறுப்பு, பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்த ஒரு கட்டடக்கலை அலுவலகத்திடம் வந்திருந்தது. வரைபடத்தை முடிப்பதற்கு முன் அங்கு வாழப்போகிறவர்களைக் கேட்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். உண்மையாகவே விரும்பினார்கள். குடும்பங்கள் கூடித் தங்கள் சார்பில் மரி-லூஸைத் தேர்ந்து அனுப்பின.

நான் அப்போது இலக்கிய மாணவி. வாரத்தில் சில பிற்பகல்கள் அந்த அலுவலகத்தில் வேலை செய்தேன். விருந்தினரை கார் து நோர் ரயில் நிலையத்தில் எதிர்கொண்டு அழைத்துவருவதும் என் வேலைகளுள் ஒன்று.

கூட்டத்துக்கு நேரம் இருந்தது. அவரைத் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்கார அண்ணை அவரை உற்றுப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இவா ஆர்? எங்கட ஆள் மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு!"

"கயானாவிலை இருந்து வந்திருக்கிறா, அண்ணை."

"ஓ, கிரிக்கெட் விளையாடுற ஆக்கள்!"

"இல்லை அண்ணை, அது வேறை நாடு. இவையின்ரை இடம் பிரான்சுக்குச் சொந்தம். இவாவும் பிரெஞ்சுதான்."

"பிறக்கேக்கையே பிரெஞ்சுப் பாஸ்போட்டோ? குடுத்து வைச்சவா! நான் உந்த வதிவிடக் கார்த்துக்கு எத்தினை விடியப்புறம் குளிருக்கை நிண்டிருப்பன்!"

அவர் என்ன சொல்கிறார் என்று மரி-லூஸ் கேட்டார். பிரெஞ்சில் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாஸ்போர்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள். வீடுதான் இல்லை."

அண்ணையும் சிரித்து, கேட்காமலே ஒரு ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

ரோல்ஸைப் பிட்டபடியே மரி-லூஸ் தாம் கொண்டுவந்த செய்தியைச் சொன்னார். ஒரே ஒரு செய்தி. அவருடைய மக்கள் கட்டிலில் படுப்பதில்லை. குழந்தை முதல் கிழவர் வரை தொங்குபடுக்கையில் உறங்குகிறவர்கள். ஆற்றிலிருந்து உறவினர் வந்தால் இன்னொன்றைக் கட்டுவார்கள், அவ்வளவுதான் விருந்தோம்பல். ஆனால் நகரத்தில் கட்டப்படும் புதிய வீடுகளின் உட்சுவர்கள் அட்டைபோல மெல்லியவை.

"மற்றதையெல்லாம் எப்படிக் கட்டினாலும் சமாளித்துக்கொள்வோம். சுவர் மட்டும் எங்களைத் தாங்க வேண்டும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்களோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்! ஏன் சொல்லவில்லை? அதை விளக்க, உங்களை நான் வளர்ந்த புறநகரான சார்செலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது தம்பி பிறந்தான். அவனுக்குச் சேலைத் தொட்டிலான ஏணை கட்டுவதற்காக அப்பா மேற்கூரையைத் துளைத்துக் கொளுக்கி ஒன்றை மாட்டினார். அம்மாவின் பருத்திச் சேலைக்குள் தம்பி மணிக்கணக்கில் உறங்கினான். துளைத்த சத்தம் பற்றி மேல்வீட்டார் முறையிட்டிருக்க வேண்டும். குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஏணையை விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இங்கே மனிதர்கள் கட்டிலில் படுப்பார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்," என்றார்.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"கொளுக்கி கூரைக்குக் கூடாதாம், அம்மா."

முழுவதையும் நான் சொல்லவில்லை. அம்மா அன்றே ஏணையை அவிழ்த்தார். மனிதர்கள் என்ற அந்தச் சொல்லை நான் மட்டும் வைத்துக்கொண்டேன். எதை மறைத்தால் இந்நாட்டில் நம்மைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்பதை அன்றிலிருந்து நுட்பமாகக் கற்றேன். அதில் எனக்குத் தேர்ச்சியும் இருந்தது!

அந்தத் தேர்ச்சியைத்தான் மரி-லூஸுக்குக் கொடுத்தேன்.

"அதைச் சொல்லாதீர்கள்," என்றேன். "பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் பிறகு உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்கள். அறைகள் பெரிதாக வேண்டும் என்று கேளுங்கள். உறவினரைப் பற்றிக் கேட்டால், சோபாவில் படுப்பார்கள் என்று சொல்லிவிடுங்கள்."

அவர் மீதி ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"நீங்கள் இங்கே வளர்ந்தவர். உங்களுக்குத்தான் தெரியும்," என்றார்.

கூட்டத்தில் திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞர் பொறுமையாகக் கேட்டார். அவசரப்படவில்லை, இடைமறிக்கவில்லை. ஒரு கட்டத்தில், "ஊரிலிருந்து உறவினர் வந்தால் எங்கே உறங்குவார்கள்?" என்று அவராகவே வினவினார்.

கதவு திறந்தே இருந்தது... நீங்கள் கவனிக்க வேண்டும், திறந்தே இருந்தது!

மரி-லூஸ் என்னைப் பார்த்தார். நான் கண்களைத் தாழ்த்தினேன்.

"சோபாவில் படுப்பார்கள்," என்றார்.

அவர் சென்ற பின் கட்டடக் கலைஞர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "மக்களைக் கேட்டே கட்டினோம் என்று இனி நாம் சொல்லலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டார்தான். கேட்டதற்கு விடையாக அவருக்குக் கிடைத்தது என்னுடைய அச்சம்.

மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த வேலையை விட்டிருந்தேன். முதுகலைப் படிப்பில் இருந்தேன். நிலையத்தில் எதிர்கொள்வதற்காக அன்று நான் கொடுத்திருந்த என் எண்ணுக்கு ஒரு நாள் மாலை மரி-லூஸ் அழைத்தார். அலுவலகத்தின் பழைய எண் வேலை செய்யவில்லை, புதிய எண் தெரியுமா என்று கேட்டார். இரண்டாம் கட்ட வீடுகளுக்காக வேறொருவர் பேச வரப்போகிறாராம்.

"நீங்கள் வரவில்லையா?" என்றேன்.

"இனி என்னை அனுப்பமாட்டார்கள்."

அமைதியாகவே சொன்னார். குடும்பங்கள் புதிய வீடுகளுக்குப் போயின. அவருடைய தங்கையின் கணவர் கூடத்துச் சுவரில் கொக்கி அடித்துத் தொங்குபடுக்கையைக் கட்டினார். இரவில் சுவரே பெயர்ந்து வந்தது. உள்ளே உறங்கிய சிறுமிக்குக் கை முறிந்தது. அவர்கள் ஆற்றுக்குத் திரும்பிவிட்டார்கள். வேறு சிலரும் போய்விட்டார்கள்.

"பாரிஸ்வரை போனாயே, அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்தாயே, இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லையா என்று தங்கை கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"மறந்துவிட்டேன் என்று சொன்னேன்."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னை அங்கே யாருக்கும் தெரியாது. என் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு எந்த இழப்பும் இருந்திருக்காது. ஆயினும் சொல்லவில்லை. உங்கள் தங்கையிடம் நான் பேசுகிறேன், தொலைபேசியை அவரிடம் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. எண்ணைச் சொன்னேன். இரண்டு முறை, தெளிவாகச் சொன்னேன். அவர் நன்றி சொன்னார்!

மறுநாள் காலை ஆர்.இ.ஆர் புறநகர் ரயில் பிடித்து கார் து நோரில் இறங்கி அந்த அலுவலகத்துக்கு நடந்தேன். கட்டடக் கலைஞர் என்னை அடையாளம் கண்டு இருக்கை தந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துரைத்தேன்: தொங்குபடுக்கை, அது இழுக்கும் பாரம், உறுதியான தூண்களின் தேவை, விருந்தினருக்காக எதிரெதிரே இரண்டு கொக்கிகள். அவர் உடனே தாளை எடுத்து வரையத் தொடங்கினார்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மரி-லூஸ் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தார்," என்றேன். அதற்கு அடுத்த வாக்கியம் என் நாவின்மேல் இருந்தது. அவரைச் சொல்லவிடாமல் தடுத்தவள் நான் என்ற வாக்கியம். ஆனால் வெளியே வந்தது வேறொன்று.

"உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்."

"பரவாயில்லை. எல்லோருக்கும் நேர்வதுதான்," என்றார்.

செய்யாத தவற்றுக்கான அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். அவர் கை நீட்டினார். நானும் கை கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.