இறந்த தேதி: கட்டாயம்

கோட்டாற்றில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து வலைத்தளங்கள் செய்து பிழைக்கிறேன். புயலில் படகோடு காணாமல் போனவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கொடுக்க ஒரு கடற்கரை ஊர்க் கத்தோலிக்கப் பங்கு முன்வந்தபோது, அதற்கான விண்ணப்பப் படிவத்தைக் கணினியில் செய்து கொடுத்தவள் நான். இலவசமாகத்தான். அந்தப் பெருமை வேறு, சனியன்.

கடைசி நாளில் பங்கு அலுவலகத்தில் நானே இருந்து பதிந்தேன். மதியம் ஒரு அக்கா வந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். கணவர் கடலுக்குப் போய் ஐந்து மாதம், உடல் கிடைக்கவில்லை. பெயர், முகவரி, பள்ளி எல்லாம் கடகடவென்று சொன்னவர், ‘இறந்த தேதி’ என்று நான் கேட்டதும் என்னையே திருப்பிக் கேட்டார்.

“அவரு செத்தாருன்னு ஆரு கண்டா? நான் எப்பிடி மக்கா நாள் சொல்லுவேன்?”

கட்டத்தை வெறுமையாக விட்டு ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினேன். படிவம் ஏற்கவில்லை. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவள் சாட்சாத் நானேதான். ‘காணாமல் போன தேதி’ என்று ஒன்று வேண்டுமென்று தோன்றவே இல்லை. அறிவு எங்கே மேயப் போயிருந்ததோ! அதைச் சரிசெய்ய என் அறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். வாசலில் வரிசை நின்றது. சமர்ப்பிக்காவிட்டால் அவர் சொன்ன எதுவும் பதிவாகாது, பிள்ளைகளுக்கு உதவியும் கிடையாது. புதுப் படிவத்தைச் சோதித்துப் பார்க்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல, அன்றைய தேதியைப் போட்டு அழுத்திவிட்டேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனேன்.

இறந்தவர்களுக்காகக் கோவிலில் வேண்டிக்கொள்ளும் கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் அந்த அக்கா என் மாடியேறி வந்தார். என் பதிவிலிருந்து எடுத்த பட்டியலைத்தான் அன்று கோவிலில் இறந்தவர்களின் பெயரும் தேதியுமாக வாசித்திருக்கிறார்கள். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சத்தம் போடுவார் என்று பயந்தேன். போட்டிருக்கலாம்.

“அந்தத் தேதியில நான் ஒனக்க முன்னாலயில்லா இருந்தேன்? அண்ணைக்குக் காலத்தகூட அவருக்கும் சேத்துத்தான் மக்கா சோறு வச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “இப்பமே அழிச்சிருதேன் அக்கா,” என்று கணினியைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம். சின்னவ அவருக்க படத்துக்குக் கீழ அந்தத் தேதிய எழுதி ஒட்டிட்டா. இனி அதக் கிழிச்சா, ‘அப்பம் அப்பா சாவலியாம்மா’ன்னு கேப்பா. நான் அவளுக்கு என்ன சொல்ல?”