எங்களையும் சேர்த்து அனுப்புங்கள்

விடிந்தும் விடியாமலும் வரும் போன் என்றாலே எனக்குப் பயம். திரையில் ரசியா அக்காவின் தம்பி பெயரைப் பார்த்ததும் எடுக்கக் கை வரவில்லை. எடுத்தேன். “அக்கா போய்ட்டாங்கம்மா, தூக்கத்துலியே” என்றார். கள்ளக்குறிச்சியில் அந்தத் தம்பியின் ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து, வரும் பெண்களின் மனக்கஷ்டங்களைக் காலமெல்லாம் கேட்டவர் ரசியா அக்கா. உங்களில் பலரும் அந்தப் படிகளில் ஏறியிருப்பீர்கள். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்தான். இனி பயந்தால் யாருக்குப் போன் செய்வேன்?

நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தது இடஒதுக்கீட்டுப் போராட்டக் காலத்தில். அந்தப் பகுதி மக்களின் மனநிலையை ஆராய ஒரு பேராசிரியர் மூங்கில்துறைப்பட்டுக்கு வந்து தங்கியிருந்தார். உளவியல் படித்த அக்கா அவருக்கு ஆய்வு உதவியாளர். நான் உள்ளூர்க் கரும்பு விவசாயியின் மகள், அதே படிப்பை முடித்த கையோடு சேர்ந்தவள். பேராசிரியரிடம் பயத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்று இருந்தது. நகரத்துக் கல்லூரி மாணவர்களிடம், அதுவும் ஆண்களிடம் மட்டும், கேட்டுத் தயாரித்தது. மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டினால் பயம் நோயாகிவிட்டது என்று அர்த்தம். ஊரிலும் குடும்பத் தலைவர்களைக் கேட்டால் போதும் என்றார்.

“பொம்பளைங்கள கேக்க வேணாமா சார்?” என்றார் அக்கா.

“அவங்க மனசு மாசா மாசம் மாறும்மா. கணக்கு கெட்டுப்போயிடும்.”

“ஆம்பளைங்க மனசு மாறவே மாறாதுங்களா சார்?”

அவர் கேள்வித்தாள் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஒருநாள் வழியில் மறியலுக்காகப் புளியமரத்தை வெட்டிப் போட்டு, கம்புகளோடு ஆட்கள் நின்றார்கள். நான் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. அக்கா இறங்கி, “எங்களுக்குப் பயமா கீதுங்க, வழி வுடுங்க” என்று நேராகவே சொன்னார். அவர்களில் மீசைக்காரர் ஒருவர் கம்பைத் தாழ்த்தினார். “பயப்படாதீங்க. போலீசு வந்தா நாங்களே ஓடத்தான் போறோம்.” மறுநாள் டீக்கடையில் நாலு பேர் நடுவில் அவரிடமே கேள்வித்தாளை நீட்டினோம். “பயமா? எனக்கா?” என்று மீசையைத் தடவிக்கொண்டார். அதையும் எழுதிக்கொண்டோம்.

அந்த ஊரில்தான் அஞ்சலையைப் பார்த்தோம். அவள் புருஷன் கைதுக்குப் பயந்து வெள்ளிமலைப் பக்கம் ஏறிவிட்டான். தெருவுக்குள் போலீஸ் வேன் வந்துபோனதிலிருந்து அவள் வீட்டில் படுப்பதில்லை. “புத்தி கலங்கிப்போச்சுங்க. கொழந்தைய இட்டுக்கினு கரும்புக்குள்ள போய் குந்திக்கினு கீறா” என்றாள் மாமியார். பெண்களைக் கேட்க வேண்டாம் என்ற பேராசிரியர், அஞ்சலைக்கு மட்டும் கேள்வித்தாளைக் கொடுக்கச் சொன்னார். இருட்டிய பின் தனியே வெளியே போகத் தயங்குவீர்களா? வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் திடுக்கிடுவீர்களா? அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். எல்லையை எங்கேயோ தாண்டிவிட்டது. சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பக் கடிதம் தருகிறேன், குழந்தை மாமியாரிடம் இருக்கட்டும் என்றார் பேராசிரியர்.

“பால் குடிக்கிற புள்ளைங்க” என்று அஞ்சலை அக்காவின் கையைப் பிடித்தாள். “என்னை அனுப்பிட்டா அது இன்னா பண்ணும்?”

அக்கா மாமியார் பக்கம் திரும்பி அதே கேள்விகளைக் கேட்டார். “இன்னாங்க இது, இருட்டுனா எவ தனியா வெளிய போவா?” என்றாள் மாமியார். பிறகு அக்கா தானே ஒரு தாளை நிரப்பிவிட்டு என்னிடமும் ஒன்றை நீட்டினார். “பொய் எழுதாதடி.” வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைத்தியம் என்று பேர் வந்தால் யார் கட்டுவார்கள்? வேலை போனால் அப்பாவுக்கு என்ன சொல்வது? பயந்துகொண்டே உண்மையை எழுதினேன்.

“அஞ்சலை, இவ, நான், மூணு பேரும் தாண்டிட்டோம் சார்” என்று அக்கா தாள்களைப் பேராசிரியர் முன்னால் வைத்தார். “அஞ்சலைய அனுப்பறதுன்னா எங்களையும் சேத்து அனுப்புங்க.”

“உங்களுக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கீங்க?”

“அவளும் நல்லாத்தான் கீறா சார். பயப்பட வேண்டியதுக்குப் பயப்படறா.”

கடிதம் எழுத எடுத்த பேனாவை அவர் மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அஞ்சலை பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. அப்பகுதி மக்களிடம் அச்சம் காணப்படவில்லை என்று ஆய்வறிக்கை பின்னர் வெளியானது. அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எவன் இன்னா கண்டுபுடிச்சேன்னு சொன்னாலும், யாரைக் கேட்டேன்னு மொதல்ல கேளு” என்பார்.

கல்யாணத்துக்குப் பிறகும், பிள்ளைகள் வெளியூர் போன பிறகும் பயந்த போதெல்லாம் அவருக்குத்தான் போன் செய்தேன். ஒருமுறைகூடப் பயப்படாதே என்று அவர் சொன்னதில்லை. “எதுக்குப் பயம், சொல்லு” என்பார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்வது ஒன்றுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

அடக்கத்துக்கு ஆண்கள் போய்விட்டார்கள். வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். தலை நரைத்த ஒருத்தி பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தாள். அஞ்சலை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகன்தான் பஸ் ஏற்றிவிட்டானாம். கிளம்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. பஸ் நிலையம் வரை தெருவிளக்கு இல்லை.

“தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு அஞ்சல” என்றேன்.

“எனக்குந்தாங்க” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “வாங்க, சேந்து போலாம்.”